பழைய மோட்டார் காரும் அதன் மின்னேற்ற அமைப்பும்

மாரிகாலத்து இரவொன்றிலே புகையிரதக் கடவையின் படலை மூடப்பட, அதன்முன் வரிசையாக நிற்கும் வாகனங்களுள் மொறிஸ் மைனர் ஒன்றும் நிற்குமாயின், அதன் முகப்பிலே சிறிய செவ்வொளி ஒன்று மினுங்கத் தொடங்குவதைச் சாரதி காண்பார். முன்விளக்குகளின் ஒளி மெல்ல மங்கும். கண்ணாடி துடைக்கும் கருவி தளர்ந்து அசையும். படலை திறந்து கார் புறப்பட்டதும் செவ்வொளி மறைந்து விளக்குகள் மீளவும் தெளிவுறும். இவ்வாறு நிகழ்தல் பழுதன்று. அக்காரின் மின்னமைப்பை வகுத்தோர் அஃது அவ்வாறு நிகழும் என்பதை அறிந்தே வகுத்தனர். ஆயின் அவர்கள் வகுத்த காலத்திலே கடவையின்முன் நிற்கும் வரிசை இத்துணை நீண்டதன்று. காரில் ஏற்றப்பட்ட மின்கருவிகளும் இத்துணைப் பலவல்ல. இதனால், பழைய காரை நாள்தோறும் ஓட்ட விரும்புவோர் பலர் அதன் டைனமோவைக் கழற்றிவிட்டு, கராஜ்களில் 'ஒல்ற்றனேற்றர்' என வழங்கும் ஆடலோட்டப் பிறப்பாக்கியைப் பொருத்துகின்றனர். அம்மாற்றம் எப்பொழுது தக்கது, எப்பொழுது வேண்டாதது என்பதனைத் துணிதற்கு அவ்விரு பொறிகளும் இயங்கும் முறையை அறிதல் இன்றியமையாதது.

மொறிஸ் மைனர் 1948ஆம் ஆண்டு இலண்டன் ஏள்ஸ் கோட் மோட்டார் கண்காட்சியிலே முதன்முதற் காட்டப்பட்டது. அதனை வடிவமைத்தவர், சிமேர்னா நகரிலே 1906இற் பிறந்த அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியியலறிஞர். பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட எண்ணிக்கையில் ஆக்கப்பட்ட முதலாவது பிரித்தானியக் கார் அதுவே. மூடிய உடலுடைய வகை 1970இலும், மரச்சட்டம் பொருத்திய 'றவலர்' வகை 1971இலும் ஆக்கம் நின்றன. இலங்கையிலே அக்கார் இன்றும் தெருவில் ஓடுகின்றது. அதன் எஞ்சின் 918 கன சென்ரிமீற்றரில் தொடங்கி, 803, 948, 1098 எனப் பலகால் மாறியது. மின்னேற்ற முறையோ அடிப்படையில் மாறவேயில்லை. லூக்கஸ் நிறுவனத்தின் டைனமோவும், பற்றரியின் நேர்முனையை உடலோடு இணைக்கும் புவித்தொடுப்பும் அதன் உரிய அமைப்பாக நிலைத்தன.

காருக்கு மின் ஏன் வேண்டும் என்று வினவுவார் இன்று இல்லை. எனினும் தொடக்ககால மோட்டார் வண்டிகள் பற்றரியின்றியே ஓடின. எஞ்சினைக் கைப்பிடியாற் சுழற்றினர். அசற்றலீன் வாயுவை எரித்து விளக்கேற்றினர். 1912இல் அமெரிக்காவின் கடிலாக் காரிலே சாள்ஸ் கெற்றரிங் அமைத்த மின் தொடக்கி வந்ததன் பின்னரே பற்றரியும் அதனை நிரப்பும் டைனமோவும் காரின் உறுப்புகளாக வேரூன்றின. பற்றரி ஒரு களஞ்சியம். அது மின்னை விளைவிப்பதன்று. எடுத்த அளவினைத் திரும்ப இடாவிடின் எக்களஞ்சியமும் வெறுமையாகும்.

டைனமோவின் தத்துவம் 1831இல் மைக்கல் பரடே கண்ட மின்காந்தத் தூண்டலாகும். காந்தப் புலத்தினூடே செப்புச் சுருள் சுழலும்போது அச்சுருளிலே மின்னியக்க விசை பிறக்கின்றது. சுருள் அரைச் சுற்றுச் சுழன்றதும் ஓட்டத்தின் திசை மாறுதலின், சுருளினுள் உண்மையிற் பிறப்பது ஆடலோட்டமே. பற்றரிக்கு ஆடலோட்டம் உதவாது. எனவே சுருளின் நுனிகளை, அச்சாணியைச் சூழ்ந்து நிற்கும் பல செப்புத் துண்டுகளோடு இணைத்து, அவற்றின்மீது இரண்டு காபன் தூரிகைகளை உராயவிட்டனர். திசை மாறும் கணத்திலே தூரிகை அடுத்த துண்டுக்கு மாறிவிடும். வெளியே வரும் ஓட்டம் ஒரே திசையினதாக இருக்கும். இவ்வுறுப்பே திசைமாற்றி எனப்படும்.

சுருள் சுழலுதற்கு வேண்டிய காந்தப் புலம் எங்கிருந்து வருகின்றது? டைனமோவின் புலச் சுருள்களுக்கு ஓட்டத்தைத் தருவது டைனமோவே. அங்ஙனமாயின், ஓய்ந்து கிடந்த டைனமோ முதன்முதல் எவ்வாறு தொடங்கும் என்பது நியாயமான ஐயம். விடை இரும்பிலே உள்ளது. ஒருமுறை காந்தமாக்கப்பட்ட இரும்பு, ஓட்டம் நின்ற பின்னரும் சிறிதளவு காந்தத்தைத் தன்பால் வைத்திருக்கும். அச்சிறு மிச்சத்தினால் ஆமேச்சரிலே சிறு ஓட்டம் பிறக்க, அவ்வோட்டம் புலச் சுருளினூடே சென்று காந்தத்தை வலுப்படுத்த, வலுப்பட்ட காந்தம் பேரோட்டத்தைப் பிறப்பிக்க, இவ்வாறு ஒன்றையொன்று உயர்த்திப் பொறி முழுவலிமை பெறுகின்றது. இவ்வுண்மை வியத்தகு முறையில் ஒரே காலத்திற் பலருக்குப் புலப்பட்டது. வேணர் சீமென்சின் கருத்தும் சாள்ஸ் வீற்ஸ்ரனின் கருத்தும் 1867ஆம் ஆண்டு பெப்ரவரி 14ஆந் திகதி, ஒரே நாளிலே, இலண்டன் றோயல் கழகத்தின்முன் வாசிக்கப்பட்டன. பிறரது உதவியின்றித் தானே தொடங்கும் இவ்வியல்பு டைனமோவின் பெருஞ்சிறப்பு. ஆடலோட்டப் பிறப்பாக்கிக்கு இஃது அவ்வளவு எளிதாகக் கைகூடாமை பின்னர்க் காணப்படும்.

சிறப்பினோடு குறையும் உடன்வந்தது. டைனமோவிலே பேரோட்டம் பிறக்கும் தடித்த சுருள்கள் சுழலும் ஆமேச்சரில் உள்ளன. அவ்வோட்டம் முழுவதும் திசைமாற்றியின் துண்டுகளையும் தூரிகைகளையும் கடந்தே வெளியேற வேண்டும். வேகம் மிகுந்தால் தூரிகைகள் பொறி பறக்கும்; மேலும் மிகுந்தால் மையநீக்க விசையினாற் சுருள்களும் துண்டுகளும் தம் இருப்பிடத்தை விட்டுக் கழன்றுவிடும். எனவே எஞ்சின் உச்ச வேகத்தில் ஓடும்போதும் டைனமோ சிதையாவண்ணம் அதன் கப்பியைப் பெரிதாக அமைத்து வேகத்தைக் குறைத்தனர். உச்ச வேகத்தில் அடக்கப்பட்ட பொறி தாழ்ந்த வேகத்தில் சோர்ந்துவிடுதல் இயல்பன்றோ? டைனமோ நிமிடத்துக்கு 1,000 தொடக்கம் 1,500 சுற்றுகள்வரை எட்டும்போதே பற்றரியின் வோல்ற்றளவைத் தாண்டத் தொடங்கும். 2,000 சுற்றுக்கு மேலேதான் முழுப்பயன் தரும். கடவையின்முன் நிற்கும் காரிற் செவ்வொளி தோன்றுவதன் காரணம் இதுவே.

டைனமோவின் துணையாக எஞ்சின் அறையின் பின்சுவரிலே கறுத்த மூடியுடன் ஒரு பெட்டி காணப்படும். அதனுள் இருப்பவை மின்காந்தத்தால் இயங்கும் ஆளிகள். டைனமோவின் வோல்ற்றளவு ஏறக்குறைய 13 ஆனதும் ஓர் ஆளி மூடி, டைனமோவைப் பற்றரியோடு இணைக்கும். வேகம் குறைந்ததும் திறந்து, பற்றரியின் மின் டைனமோவுக்குள் பின்னோக்கிப் பாயாது தடுக்கும். மற்றொன்று புலச் சுருளின் ஓட்டத்தை நொடிக்குப் பலமுறை துண்டித்தும் இணைத்தும் வோல்ற்றளவை அளவிலே நிறுத்தும். 1960களில் வந்த பெட்டிகளில் மூன்றாவது சுருள் ஒன்று, டைனமோ தன் தகுதிக்கு மேற்பட்ட ஓட்டத்தைத் தந்து எரிந்துபோகாமற் காத்தது. இவை யாவும் வில்லும் தொடுமுனையும் கொண்டவை, தேய்வன, ஆனால் கண்ணாற் பார்த்துக் கையாற் சரிசெய்யத்தக்கவை. பெட்டியின் மூடியைத் திறந்து, தொடுமுனையைத் துலக்கி, வோல்ற்றுமானியைப் பிடித்து, திருகாணியை இம்மி அளவு திருப்பும் முதிய மெக்கானிக்கின் தொழில் ஒரு கலையே எனலாம்.

இனி ஆடலோட்டப் பிறப்பாக்கியை நோக்குக. அதிலே டைனமோவின் ஒழுங்கு தலைகீழாக்கப்பட்டுள்ளது. காந்தம் சுழல்கின்றது, பேரோட்டம் பிறக்கும் சுருள்கள் அசையாது வெளிச்சுற்றில் நிற்கின்றன. சுழலும் பகுதிக்குச் செல்லவேண்டியது காந்தத்தை உண்டாக்கும் சில அம்பியர் ஓட்டம் மாத்திரமே. அதற்கு இரண்டு வழவழப்பான வளையங்களும் இரு சிறு தூரிகைகளும் போதும். துண்டுபட்ட திசைமாற்றி இன்மையால் அது நிமிடத்துக்கு 15,000 சுற்றுவரை சுழலினும் தாங்கும். ஆதலின் அதற்குச் சிறிய கப்பியை இட்டு எஞ்சினிலும் பன்மடங்கு வேகமாகச் சுழற்றலாம். கார் நிற்கும்போதும் அது பயன்தரும்.

இத்துணை நல்ல பொறி முன்னரே ஏன் வரவில்லை எனின், அதன் ஆடலோட்டத்தை நேரோட்டமாக்கும் சிறிய, உறுதியான சீராக்கி இருக்கவில்லை என்பதே விடை. சிலிக்கன் என்னும் குறைகடத்தியால் ஆன இருவாயிகள் மலிவான விலையிற் கிடைக்கத் தொடங்கிய பின்னரே வழி பிறந்தது. இருவாயி, ஓட்டத்தை ஒரு திசையில் மட்டும் செல்லவிடும் கதவு போன்றது. 1960ஆம் ஆண்டின் மாதிரியாக வந்த கிறைஸ்லர் நிறுவனத்தின் வலியன்ற் கார் இப்பொறியோடு வெளிவந்தது; பிரித்தானியாவிலே 1964இல் ஜக்குவார் ஈ-ரைப்பும், 1967இன் இறுதியில் எம்.ஜி.பி. காரும் அதனை ஏற்றன. மொறிஸ் மைனருக்கு அப்பேறு கிட்டவில்லை. அது தன் இறுதிக் காலத்தை அண்மித்துவிட்டது.

சொற்பற்றி ஒரு குறிப்பு. 1990ஆம் ஆண்டின் பின் மின்விநியோகம் அற்றிருந்த யாழ்ப்பாணத்திலே சைக்கிளைக் கவிழ்த்து வைத்து மிதிகட்டையைக் கையாற் சுழற்றி, அதன் 'டைனமோ'வினால் வானொலி கேட்ட காலம் பலரது நினைவில் உண்டு. பெயர் டைனமோ எனினும், காந்தம் சுழலச் சுருள் அசையாது நிற்கும் அச்சிறு பொறி இலக்கணப்படி ஆடலோட்டப் பிறப்பாக்கியே. விளக்குக்கு அதன் ஓட்டம் அப்படியே போதும்; வானொலிக்கு இருவாயி வேண்டும். காருக்கு வந்த மாற்றத்தின் தத்துவம் முழுவதும் அச்சைக்கிளிலே அடங்கியிருந்தது. அதே காலத்தில் மொறிஸ், ஒஸ்ரின் முதலிய பழைய கார்கள் சிறிது பெற்றோலினாற் தொடங்கி மண்ணெண்ணெயில் ஓடியமையும் இவ்விடத்து நினைக்கத்தக்கது. உள்ளூர்ப் பட்டறையிலே பழுதுபார்க்கத்தக்க எளிமை அவற்றை வாழவைத்தது. திசைமாற்றியைக் கடைசற் பொறியிற் சீவி, துண்டுகளிடையே உள்ள அப்பிரகத்தை வாள் அலகினாற் சுரண்டித் தாழ்த்தினால் டைனமோ மீண்டும் உயிர்பெறும். எரிந்த இருவாயியை அவ்வாறு திருத்த முடியாது; புதியதையே இடவேண்டும்.

மாற்றத்தின் வேறொரு நயமும் கூறத்தக்கது. முன்கூறிய கறுத்த பெட்டியின் வேலைகளுள் இரண்டு தாமாகவே மறைந்துவிடுகின்றன. பற்றரியின் ஓட்டம் பின்னோக்கிப் பாயாது தடுப்பதை இருவாயிகளே செய்கின்றன. மிகையோட்டத்தைத் தடுப்பதைச் சுருள்களின் தூண்டற் பண்பே செய்கின்றது. வேகம் ஏற ஏற ஆடலோட்டத்துக்கு அச்சுருள்கள் காட்டும் தடங்கலும் ஏறுதலின் ஓட்டம் ஓர் எல்லையைக் கடப்பதில்லை. எஞ்சியது வோல்ற்றளவைச் சீராக்குதல் ஒன்றே. லூக்கஸ் நிறுவனத்தின் ஏ.சி.ஆர். வகைகளில் அதற்குரிய இலத்திரன் சாதனம் பொறியின் முதுகிலேயே அடங்கிவிட்டது. அசையும் தொடுமுனை ஒன்றுமில்லை.

ஆயினும் புதியது சிறந்தது என்பதனால் மட்டும் பழையதைக் கழற்றுதல் அறிவுடைமையாகாது. முதலிற் கணக்குப் பார்த்தல் வேண்டும். மைனரின் பிற்கால டைனமோ உச்சமாக 22 அம்பியரும், முற்கால வகை 19 அம்பியரும் தரும். இரவிலே மழையில் ஓடும் காரின் தேவை யாது? உயர் ஒளியில் முன்விளக்குகள் இரண்டுக்கும் 120 வாற்று. பக்க விளக்கு, பின் விளக்கு, இலக்கத்தகட்டு விளக்கு, முகப்பு விளக்கு ஆகியவற்றுக்கு ஏறக்குறைய 35. எரிபற்றற் சுருளுக்கு 40. கண்ணாடி துடைப்பதற்கு 30. மொத்தம் 225 வாற்று; 13 வோல்ற்றில் அது 17 அம்பியருக்குச் சற்று மேல். பெருந்தெருவில் ஓடும்வரை 22 அம்பியர் டைனமோ இதனைச் சுமந்து, ஏறக்குறைய 5 அம்பியரைப் பற்றரிக்கும் கொடுக்கும். ஆனால் வாகன நெரிசலில் அரைமணி நேரம் நின்றால் பற்றரியிலிருந்து எட்டரை அம்பியர்-மணி போய்விடும். மிஞ்சும் 5 அம்பியரால் அதனை மீட்க, இழப்பைக் கருதாவிடினும், ஒரு மணி நாற்பது நிமிடத்துக்கு மேல் ஓடவேண்டும். நகரத்துள் நாள்தோறும் ஓடும் கார் அவ்வளவு நேரம் ஓடுவதேது?

இக்கணக்கிலே முன்விளக்குக்கு 100 வாற்றுக் குமிழ்களை இட்டால் தேவை 23 அம்பியராகும். டைனமோவின் எல்லை கடந்துவிட்டது. மின்விசிறியாற் குளிரூட்டும் முறையையும் சேர்த்தால் சொல்லவே வேண்டியதில்லை. இத்தகைய காருக்கு ஆடலோட்டப் பிறப்பாக்கி தேவையே. மாறாக, ஞாயிற்றுக்கிழமை பகலில் மட்டும் வெளிவரும் காருக்கு, எரிபற்றலும் எப்போதாவது ஊதும் குழலுமே சுமையாதலின், நல்ல நிலையிலுள்ள டைனமோ தாராளமாகப் போதும். அக்காரிற் பற்றரி அடிக்கடி சோர்ந்தால், குற்றம் பெரும்பாலும் தளர்ந்த பட்டியிலோ, தேய்ந்த தூரிகையிலோ, துருவேறிய புவித்தொடுப்பிலோ இருக்கும். அவற்றை நோக்காது பொறியை மாற்றுவோர் அதே குற்றத்தைப் புதிய பொறிக்கும் கையளிக்கின்றனர்.

மாற்றத்தை மேற்கொள்வோர் முதலிற் செய்யவேண்டுவது முனைமாற்றம். ஏ.சி.ஆர். முதலிய வகைகள் எதிர்முனைப் புவித்தொடுப்புக்கு அமைந்தவை. எனவே பற்றரியைத் திருப்பி, எதிர்முனையை உடலோடும் நேர்முனையைத் தடித்த கம்பியோடும் இணைத்தல் வேண்டும். நேர்முனைக் குற்றி எதிர்முனைக் குற்றியிலும் பருத்ததாதலின் பழைய கவ்விகள் பொருந்தமாட்டா, புதியன வேண்டும். தொடக்கி மோட்டார் முதலிய புலச் சுருளுடைய மோட்டார்கள் முனை மாறினும் முன்னைய திசையிலேயே சுழலும். நிலைக்காந்தம் உடையவை எதிர்த்திசையிற் சுழலும். எரிபற்றற் சுருளின் இரு மெல்லிய கம்பிகளையும் இடமாற்ற வேண்டும். தீப்பொறிச் செருகியின் நடுமுனை எதிர்மின்னேற்றம் உடையதாக இருந்தாற்றான் பொறி எளிதிற் பாயும். அம்பியர்மானி உளதாயின் அதன் கம்பிகளும் மாறவேண்டும். நேர்முனைப் புவித்தொடுப்புக்கென ஆக்கப்பட்ட பழைய வானொலியைக் கழற்றாது விட்டால் அது அன்றே பாழாகும்.

அடுத்துக் கம்பிகள். கறுத்த பெட்டியை அகற்றவேண்டியதில்லை. தோற்றத்துக்காக அதனை இருந்தவாறே விட்டு, கம்பிகள் சேரும் இடமாகப் பயன்படுத்துவோர் உளர். பற்றரியிலிருந்து வரும் 'ஏ' முனையும், விளக்குகள் முதலியவற்றுக்குச் செல்லும் 'ஏ1' முனையும் ஒன்றாக இணைக்கப்படும். டைனமோவின் புலத்துக்குச் சென்ற மெல்லிய கம்பி, செவ்விளக்கிலிருந்து வரும் கம்பியோடு இணைந்து புதிய பொறியின் அறிவிப்பு முனைக்குச் செல்லும். பேரோட்டத்துக்கோ பழைய கம்பியை நம்பலாகாது. 22 அம்பியருக்கென இட்ட கம்பியிலே 34 அம்பியர் பாயுமாயின், வெப்பம் ஓட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயர்வதால், அஃது ஏறக்குறைய 2.4 மடங்காகும். அறுபது ஆண்டு கண்ட உறை அதனைத் தாங்கும் எனக் கருதுதல் பேதைமை. பொறியிலிருந்து தொடக்கி ஆளியின் பற்றரிப் பக்கத்துக்குப் புதிய தடித்த கம்பி ஒன்றை நேரே இடுதலே முறை. மைனரின் முன்விளக்குச் சுற்றிலே உருகி இல்லை என்பதையும் அப்பொழுது நினைவிற்கொண்டு ஓர் உருகியைச் சேர்த்தல் நன்று. பழைய கார் தீப்பற்றிய நிகழ்ச்சிகளை ஆராயின், பொறி நல்லதாயிருக்கக் கம்பி கெட்டதாயிருந்தமை பலகாற் புலப்படும்.

செவ்விளக்கைப்பற்றி இன்னும் ஒரு சொல். டைனமோக் காரிலே அது வெறும் அறிவிப்பு. குமிழ் எரிந்துபோனாலும் மின்னேற்றம் நடைபெறும். புதிய அமைப்பிலே அக்குமிழினூடாகச் செல்லும் சிற்றோட்டமே சுழலும் பகுதிக்கு முதற் காந்தத்தை ஊட்டுகின்றது. அப்பகுதியின் இரும்பிலே மிஞ்சிநிற்கும் காந்தம் மிகச் சிறிது. இருவாயிகள் ஓட்டத்தை விடுதற்கும் ஒரு குறைந்தளவு வோல்ற்று வேண்டும். ஆகவே 2.2 வாற்று உடைய அச்சிறு குமிழ் எரிந்துபோனாற் பொறி விழித்தெழாமலே இருந்துவிடலாம். காரணம் அறியாது பொறியையே மாற்றிப் பணத்தை இழந்தோர் உண்டு. மேலும் எஞ்சின் ஓடும்போது பற்றரியின் கம்பியைக் கழற்றிப் பார்க்கும் பழைய வழக்கத்தை அடியோடு விடவேண்டும். டைனமோ பொறுத்துக்கொள்ளும் அச்சோதனையில் இருவாயிகள் நொடியிற் கருகும். பற்றரியைத் தலைமாறிப் பூட்டினும், கம்பிகளைக் கழற்றாது உடலிலே மின் ஒட்டுவேலை செய்யினும் விளைவு அதுவே.

இவ்விரு வழிகளுக்கும் இடையே மூன்றாவது ஒன்றும் இன்று உளது. விளைவைப் பெருக்காது செலவைச் சுருக்குதல். பக்க விளக்கு, பின் விளக்கு முதலியவற்றுக்கு ஒளிகாலும் இருவாயிக் குமிழ்களை இட்டால் அவற்றின் தேவை ஒரு சிறு பங்காகிவிடும். நேர்முனைப் புவித்தொடுப்புக்கு உரியவற்றைத் தேர்ந்தால் முனைமாற்றமும் வேண்டாம். டைனமோவின் உருவிலேயே ஆடலோட்டப் பிறப்பாக்கியை அடக்கிய பொறிகளும் விற்பனைக்கு உள. பார்வைக்குப் பழைமை கெடாது. விலைதான் மிகுதி. ஒஸ்ரின்-ஹீலி ஸ்பிறைற் போன்ற சில கார்களின் தொடக்க வகைகளில் எஞ்சினின் சுற்றுமானி டைனமோவின் பின்புறத்திலிருந்து இயக்கப்படுதலின், அவற்றுக்குச் சாதாரண மாற்றம் பொருந்துவதன்று.

கழற்றிய டைனமோவைப் பழைய இரும்புக்காரருக்கு நிறுத்து விற்றுவிடுவோர் பலர். அவ்வாறு செய்யாது, பின்புறத் துவாரத்தில் இரண்டொரு துளி எண்ணெய் விட்டு, எண்ணெய்க் கடதாசியிற் சுற்றிக் கறுத்த பெட்டியோடும் பழைய கப்பியோடும் பேணி வைத்தல் தகும். பின்னொருநாள் காரை அதன் உரிய நிலைக்கு மீட்க விரும்புவோருக்கு அவை கிடைத்தற்கரியன. ஆனால் எதிர்முனைப் புவித்தொடுப்பை மாற்றாமலே அந்த டைனமோவை மீளப் பூட்ட நேருமாயின், அதன் இரும்பு தன் பழைய முனையையே தாங்கிக் கிடக்கும் என்பதை மறக்கலாகாது. பூட்டுமுன் அதன் உடலைப் பற்றரியின் எதிர்முனையோடு சேர்த்து, நேர்முனையிலிருந்து ஒரு கம்பியை எடுத்து, டைனமோவின் 'எவ்' எனக் குறித்த சிறுமுனையைக் கணப்பொழுது தொடுதல் வேண்டும். சிறு பொறி ஒன்று பறக்கும். அவ்வளவே, அதன்பின் டைனமோ புதிய திசையில் மின்னைத் தரும்.